வகுப்பறையில் காற்றின் வேதியியல்: மெழுகுவர்த்தி சோதனையை விட்டால் வேறு என்ன செய்யலாம்?

வடசென்னை_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை, தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. பிள்ளைகளுக்குக் காற்று மாசு என்றால் தெரியும், கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றில் ஓயாமல் வேதிவினை நடக்கிறது, ஒரு வாயு இன்னொன்றாக மாறுகிறது, மாறியது மழையோடு கீழே வருகிறது என்பதையெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. அதைக் காட்ட வேண்டும் என்று ரொம்ப ஆசை.

வழக்கமாக எல்லோரும் செய்கிற மெழுகுவர்த்தி சோதனையில் ஆரம்பித்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கண்ணாடி டம்ளர். அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும், "ஏறிய அளவுதான் ஆக்சிஜன், ஐந்தில் ஒரு பங்கு" என்று பல வழிகாட்டிகளில் போட்டிருக்கும். இந்த முறை ஒரு மாணவி மூன்று மெழுகுவர்த்தியைச் சேர்த்து நிறுத்தி ஏற்றி, அதே டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் முன்னைவிட நன்றாகவே மேலே ஏறிவிட்டது. "டம்ளர் அதேதானே மிஸ், உள்ள இருக்கிற ஆக்சிஜனும் அதே அளவுதானே, அப்புறம் எப்படி ஜாஸ்தி ஏறுது?" என்று கேட்டாள். இவ்வளவு நல்ல கேள்வி வந்த பிறகு பழைய விளக்கத்தையே திருப்பிச் சொல்ல எனக்கு மனசில்லை.

அதனால் இரண்டு உதவி வேண்டும். ஒன்று, இந்த மெழுகுவர்த்தி விஷயத்தைத் தெளிவாக விளக்க வேண்டும். இரண்டு, காற்றின் கலவை, அமில மழை, ஓசோன், தூசு என்று ஒவ்வொன்றுக்கும் வகுப்பிலேயே செய்யக்கூடிய சோதனை வேண்டும். புகைக்கூண்டு வைத்த ஆய்வகம் கிடையாது. வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். சில பிள்ளைகள் இன்ஹேலர் வைத்திருக்கிறார்கள், அதனால் வகுப்பில் புகை பரவுகிற எதையும் செய்ய முடியாது. செலவும் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும்.

பழைய_கெமிஸ்ட்ரி எழுதியது:

டீச்சர், முதலில் அந்தப் பெண்ணின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வையுங்கள். இந்தப் பாடம் முழுவதையும் அதிலிருந்தே நடத்தலாம்.

மெழுகுவர்த்தி எரியும்போது அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிகிறது. டம்ளரைக் கவிழ்க்கிற அந்த நொடியிலேயே விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது, விளிம்பு ஓரமாகக் குமிழி வருவதைக் கவனித்தால் தெரியும். சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் சூடு அதிகம், வெளியேறும் காற்றும் அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம். எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பெரிதாக ஏறாமல், அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும் என்பதையும் பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரிய எரியவே ஏறியிருக்க வேண்டும் இல்லையா?

இன்னொன்று, சுடர் ஆக்சிஜன் முழுவதையும் தீர்ப்பதே இல்லை. காற்றில் 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டி இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் உள்ளேயே உருவாகிறது. மெழுகில் 25 கார்பன் கொண்ட ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டால், 38 ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகி 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு வருகிறது. கூடவே வருகிற நீராவி குளிர்ந்து டம்ளர் சுவரில் படிந்துவிடும். கணக்கைப் பார்த்தால் வேதிவினையால் மட்டும் குறையும் கன அளவு மிகக் கொஞ்சம்தான், ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டவே வராது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடும் கணக்கு இது.

சரி, ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதை எப்படிக் காட்டுவது? இரும்பைத் துருப்பிடிக்க வையுங்கள். சூடு கிடையாது, துரு திடப்பொருள், அதனால் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜனுக்குப் பதிலாக எந்த வாயுவும் வராது. மெல்லிய இரும்புக் கம்பிநார் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான ஸ்க்ரப்பர் உதவாது, அது துருப்பிடிக்காத எஃகு, மாதக்கணக்கில் வைத்தாலும் அப்படியே இருக்கும். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் அடிக்கும் முன் தேய்ப்பதற்கு ஸ்டீல் வுல் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், ஒரு நிமிஷம் வினிகரில் ஊறவைத்து, தண்ணீரில் அலசி, உதறிவிட்டு, சோதனைக்குழாயின் அடியில் கீழே விழாத மாதிரி திணியுங்கள். அலசாமல் விட்டால் மீதி அமிலம் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிட்டு அளவைக் கெடுக்கும். குழாயைத் தண்ணீர் வைத்த டம்ளரில் தலைகீழாக நிறுத்தி, நீர்மட்டத்தை மார்க்கரால் குறித்து, அப்படியே மேஜை ஓரத்தில் விட்டுவிடுங்கள். மறுநாள் பார்த்தால் தண்ணீர் ஏறியிருக்கும், நார் செம்பழுப்பாகியிருக்கும். இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் நிற்கும்வரை விடுங்கள். அளக்கும்போது மட்டும் குழாயைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தி உள்ளே இருக்கும் மட்டமும் வெளி மட்டமும் ஒன்றாக வரும்படி பிடித்து அளக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற அழுத்தமும் வெளி அழுத்தமும் சமம்.

நாரை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே கேளுங்கள். சீக்கிரம் ஏறும், ஆனால் அதே உயரத்தில்தான் நிற்கும். மெழுகுவர்த்தியைக் கூட்டியபோது உயரம் மாறியது, இரும்பைக் கூட்டினால் மாறவில்லை. இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவளுக்கே பதில் கிடைத்துவிடும். ஆகவே மெழுகுவர்த்தி சோதனையை விட்டுவிட வேண்டியதில்லை, அதன் விளக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சங்குப்பூ எழுதியது:

மேலே சார் எழுதியது அருமை. நான் அமில மழைக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் வருகிறேன்.

கார்பன் டை ஆக்சைடைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளுக்குப் புரியாத ஒரே விஷயம் அளவு. காற்றில் இருப்பது இன்று ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது 0.042 சதவீதம். நாம் வெளியே விடும் மூச்சில் 4 சதவீதம் போல இருக்கிறது, நூறு மடங்கு. இதைச் சுண்ணாம்புத் தெளிநீரை வைத்தே காட்டலாம். வெற்றிலைக் கடையில் விற்கிற சுண்ணாம்பை, கலர் சேர்க்காத வெள்ளையாகப் பார்த்து வாங்கி, தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி தெளியவிட்டு மேல் நீரை மட்டும் இறுத்து எடுங்கள். ஒரு கிளாஸில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதினால் கொஞ்ச நேரத்திலேயே பால் மாதிரி ஆகும். இன்னொரு கிளாஸில் அதே அளவு தெளிநீர், அதில் சைக்கிள் பம்பின் குழாயை விட்டு வெளிக் காற்றை அடிக்கச் சொல்லுங்கள். அடிப்பார்கள், அடிப்பார்கள், கை மாற்றி மாற்றி அடிப்பார்கள், அப்புறம்தான் லேசாகக் கலங்கும். எத்தனை அடி என்று அவர்களே எண்ணட்டும். இருப்பது எவ்வளவு குறைவு என்று கை வலித்துத் தெரிந்துகொண்ட பிறகு, தொழிற்புரட்சிக்கு முன்னால் அது 280 பிபிஎம் என்று சொல்லுங்கள். இவ்வளவு குறைவாக இருக்கும் ஒன்றை மனிதர்கள் ஒன்றரை மடங்காக்கி இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. ஊதும்போது உறிஞ்சிவிடக் கூடாது, கண்ணில் தெறிக்கவும் கூடாது, இரண்டையும் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஸ்ட்ராவின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் உறிஞ்சினாலும் வாய்க்கு வராது.

அமில மழைக்குக் கந்தகத்தை எரிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. உங்கள் வகுப்பில் அது வேண்டவே வேண்டாம். தீக்குச்சி போதும், அதன் தலையில் கொஞ்சம் கந்தகம் இருக்கிறது. மூடியுள்ள அகல வாய்க் கண்ணாடி பாட்டில் ஒன்றில் ஈரமான நீல லிட்மஸ் துண்டை உள் சுவரில் ஒட்டி, நாலைந்து குச்சிகளைச் சேர்த்துப் பற்றவைத்து உள்ளே போட்டு உடனே மூடிவிடுங்கள். புகை உள்ளேயே சுழலும், லிட்மஸ் சிவக்கும். ஒப்பிட இன்னொரு பாட்டில் அவசியம். தலையைக் கிள்ளி எடுத்த குச்சிகளை மெழுகுவர்த்தியில் பற்றவைத்து அதில் போடுங்கள். அங்கே தாள் அந்த அளவுக்கு மாறாது. மரம் எரிந்ததாலா, கந்தகம் எரிந்ததாலா என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது பாட்டில்தான் பதில் சொல்லும், அதை மட்டும் தவறாமல் வையுங்கள். இரண்டையும் பாடம் முடிந்து மைதானத்தில் கொண்டுபோய்த் திறந்தால் போதும், இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

என் பெயரில் இருக்கிற பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலச்சாறு கிடைக்கும், எலுமிச்சை பிழிந்தால் ஊதா, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை. நிறம் மாறுவதைக் காட்ட இதைவிட அழகான பொருள் இல்லை. ஆனால் மழைநீரைச் சோதிக்க இது போதாது, கொஞ்சம் அமிலத்துக்கெல்லாம் நீலம் அசையாது. மழைக்குப் பிஎச் தாள் வாங்கிவிடுங்கள். மஞ்சளும் வேண்டாம், அது காரத்துக்குத்தான் சிவக்கும். கந்தகப் புகையில் பூச்சாறு சில சமயம் நிறம் மாறாமல் வெளிறிப் போகும், சல்பர் டை ஆக்சைடு பூவின் நிறமியை வெளுக்கும் என்பதால் அப்படி. பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம்.

மழைநீர் என்று வந்ததால் ஒன்று. மாசே இல்லாத மழையும் நடுநிலை (பிஎச் 7) அல்ல, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் பிஎச் 5.6 அளவில் இருக்கும். அதற்கும் கீழே போனால்தான் அமில மழை என்று பேச ஆரம்பிக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பக்கம் மழையைப் பிடித்து அளந்தால் 6க்கு மேலே வருவதும் சாதாரணம். மண் தூசியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அமிலத்தைச் சமன் செய்துவிடுகிறது. அதனால் "அமிலம் வரவில்லையே, காற்று சுத்தம்" என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியதும் வரும் முதல் நீரையும் அரைமணி நேரம் கழித்து வரும் நீரையும் தனித்தனிப் பாத்திரத்தில், மாடியில் எந்தக் கூரையும் படாமல் பிடித்து ஒப்பிட்டால் முதல் மழை எவ்வளவு தூசியைக் கழுவிக் கொண்டுவருகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

அமிலம் கல்லை அரிப்பதைக் காட்ட வினிகரில் சாக்பீஸைப் போடச் சொல்வார்கள். இப்போது வருகிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அது நுரைக்காது. கிளிஞ்சலோ முட்டை ஓடோ போடுங்கள்.

யாழ்_ஆய்வுகூடம் எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஓசோனுக்கு நாங்கள் பாவிக்கிற முறை ஒன்று உண்டு, மிகப் பழையது. ஓசோனைக் கண்டறிந்த ஷோன்பைன் என்ற வேதியியலாளர், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்தவர், அவரே செய்த தாள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பல ஊர்களில் இந்தத் தாளைத் தொங்கவிட்டுத்தான் காற்றில் ஓசோன் எவ்வளவு என்று பார்த்தார்கள்.

100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் சோள மாவைக் கரைத்து, கலக்கிக்கொண்டே சூடாக்குங்கள். கூழ் கெட்டியாகிக் கொஞ்சம் கண்ணாடித் தன்மை வந்ததும் இறக்கி, 1 கிராம் பொற்றாசியம் அயடைட்டைப் போட்டுக் கலக்கி ஆற விடுங்கள். வடிதாளில் தூரிகையால் இருபக்கமும் ஒரே சீராகப் பூசி, வெயில் படாத இருட்டான இடத்தில் உலர்த்தி, கீற்றுக்கீற்றாக வெட்டி, காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். பாவிக்கும்போது காய்ச்சி வடித்த நீரை மெல்லத் தெளித்து, நேர் வெயில் படாத நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு பள்ளி நாள் முழுக்கத் தொங்கவிடலாம். பிறகு அதே நீரில் ஒருமுறை நனைத்துப் பார்த்தால் ஊதாவோ நீலமோ தெரியும். ஓசோன் அயடைட்டை அயடீனாக்குகிறது, அயடீன் மாப்பொருளோடு சேர்ந்து நீலமாகிறது, அவ்வளவுதான் வேதியியல்.

முதலில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கீற்றைப் போட்டோக்கொப்பி எடுக்கிற கடையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்னிறக்கம் உள்ள பழைய இயந்திரங்கள் ஓசோனை வெளிவிடும், அந்தக் கடைகளில் வரும் ஒருவிதக் காரமான மணம் அதுதான்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருவோம். ஒரு கீற்றை லொறிகள் நிற்கிற சாலைப் பக்க வாசலிலும் இன்னொன்றைப் பள்ளிக்கூடத்துப் பின்பக்க மரத்தடியிலும் தொங்கவிட்டால் எது கருமையாக வரும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எல்லோரும் சாலைப் பக்கம் என்றுதான் சொல்வார்கள். பல இடங்களில் மரத்தடித் தாள்தான் கருமையாகும். வாகனப் புகையிலிருந்து புதிதாக வருகிற நைத்திரிக் ஒட்சைட்டு அங்கேயே ஓசோனைப் பிடித்து நைதரசனீரொட்சைட்டாக (நைட்ரஜன் டை ஆக்சைடு) மாறிவிடுகிறது. அந்த நைதரசனீரொட்சைட்டு காற்றோடு நகர்ந்து போய், வெயிலில் உடைந்து, பெற்றோல் ஆவி போன்ற சேதனச் (கரிம) சேர்வைகளும் சேர, தள்ளியிருக்கிற இடத்தில் மறுபடி ஓசோனாகிறது. தரைமட்ட ஓசோன் புகைபோக்கியிலிருந்து நேரே வருவதில்லை, வெயில்தான் அதைச் சமைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வழி எனக்குத் தெரியாது. காலையில் ஒரு கீற்று, மதியம் ஒரு கீற்று என்று பிரித்து வைத்தாலும் இதே கதைதான் வரும், பின்னேரத்தில்தான் ஓசோன் உச்சம்.

இரண்டு எச்சரிக்கை. நைதரசனீரொட்சைட்டும் இந்தத் தாளைக் கொஞ்சம் நீலமாக்கும், ஆகவே சாலைப் பக்கத் தாள் நிறம் மாறினால் அது முழுக்க ஓசோன் என்று எழுதிவிடக் கூடாது. அடுத்தது ஈரப்பதன். காற்றில் ஈரம் கூடினால் நிறமும் கூடும். ஒரே நாளில், ஒரே நேரத்தில் வைத்த தாள்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள், போன கிழமைத் தாளோடு ஒப்பிட வேண்டாம். கடலோர ஊர்களில் எங்களுக்கும் உங்களுக்கும் இது ஒரே பிரச்சினை.

ஓசோன் படலத்தில் ஓட்டை என்பதையும் இந்த ஓசோனையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். மேலே இருப்பது நம்மைக் காக்கிறது, கீழே இருப்பது நுரையீரலைப் புண்ணாக்குகிறது, வாயு ஒன்றுதான். பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோ காபன்கள் மேலே இருப்பதை அழிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் 1974இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், அந்தாட்டிக்காவில் துளை இருப்பது 1985இல் வெளியானது, 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை வந்துவிட்டது. கண்டுபிடித்து இரண்டே ஆண்டில் உலகம் ஒன்றுசேர்ந்து கையெழுத்துப் போட்டது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வடசென்னை_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சைக்கிள் பம்ப் யோசனை மனதில் பதிந்துவிட்டது. இடையில் ஒரு சந்தேகம். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், ஒன்றில் சாதாரணக் காற்று, மற்றதில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து வருகிற கார்பன் டை ஆக்சைடு, இரண்டிலும் வெப்பமானி வைத்து விளக்கு வெளிச்சத்தில் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு பாட்டில் அதிகம் சூடாகும், அதுதான் பசுமை இல்ல விளைவு என்று நிறைய வீடியோ இருக்கிறதே, அதைச் செய்யலாமா?

மேஜைமேல்_பௌதிகம் எழுதியது:

டீச்சர், அதை விட்டுவிடச் சொல்வேன். மெழுகுவர்த்தி சோதனையில் இருக்கிற அதே கோளாறு இதிலும் இருக்கிறது. எண் எதிர்பார்த்த பக்கம் வரும், காரணம் வேறு.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் சூடான வாயு மேலே எழும்பிக் கலந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவது அதனால் குறைகிறது, வெப்பமானி கூடுதலாகக் காட்டுகிறது. 2010இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் இதைச் சோதித்து எழுதியிருந்தார்கள். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆர்கானை நிரப்பியபோதும் அதே மாதிரி சூடேறியது. ஆர்கான் பசுமை இல்ல வாயுவே கிடையாது, அகச்சிவப்பை உறிஞ்சாது, ஆனால் அதுவும் காற்றைவிடக் கனம். இத்தனைக்கும் வளிமண்டலத்தில் நடப்பது பூமியிலிருந்து மேலே போகிற அகச்சிவப்புக் கதிரைக் கிலோமீட்டர் கணக்கான காற்று வழிமறிப்பது. அதை ஒரு சாண் பாட்டிலுக்குள் சமையலறை வெப்பமானியால் பிடிக்க முடியாது.

பசுமை இல்ல விளைவே பொய் என்று யாரும் இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். விளைவு உண்மை, டிண்டால் என்ற இயற்பியலாளர் 1859இல் லண்டனில் எந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது, எது விடுகிறது என்று கருவி கட்டி அளந்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடி உருளைகளை வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு நிரப்பியது அதிகம் சூடாகிறது, ஆறவும் நேரமாகிறது என்று பதிவு செய்திருந்தார். பாட்டில் சோதனை தவறான காரணத்தால் வேலை செய்கிறது என்பது யாராவது புத்திசாலிப் பையனுக்கு நாளைக்கு இணையத்தில் தெரிய வந்தால், அவன் சோதனையோடு சேர்த்து விஷயத்தையும் சந்தேகப்படுவான். அந்த நஷ்டம் பெரியது.

அதற்குப் பதில் கிராஃப் தாளில் ஒரு வேலை கொடுங்கள். ஹவாய்த் தீவில் மவுனா லோவா மலை மேல் சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய அளவீடு இன்றும் நடக்கிறது, மாத வாரியான எண்கள் இணையத்தில் இலவசம். ஆரம்பத்தில் 315 பிபிஎம் அளவில் இருந்தது. குழுவுக்கு ஐந்தாண்டு என்று பிரித்துக் கொடுத்து வரையச் சொல்லி, தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். கோடு மேலே போவது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். வட அரைக்கோளத்துக் காடுகள் கோடையில் துளிர்த்து உறிஞ்சுவதும் குளிர்காலத்தில் இலை மக்கித் திரும்ப வெளிவிடுவதும்தான் அந்தப் பல். முதலில் சொல்லிவிடாதீர்கள், எந்த மாதத்தில் உச்சம், எந்த மாதத்தில் பள்ளம் என்று அவர்கள் தேடட்டும். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை அங்கேயே கொண்டுவந்து இணைக்கலாம்.

போகிப்புகை எழுதியது:

தூசைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நானும் சென்னைதான். 2018 போகியன்று காலை புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது பெற்றோருக்கு நினைவிருக்கும், பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அதே குப்பையை மதியம் இரண்டு மணிக்கு எரித்தால் அவ்வளவு தங்குமா? தங்காது. ஏன் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது.

ஒரே அளவுள்ள கண்ணாடி பாட்டில் நான்கு. இரண்டில் சுடுநீர், சிவப்பு மை. இரண்டில் ஐஸ் தண்ணீர், நீல மை. நான்கையும் விளிம்பு வரை நிரப்புங்கள். சுடுநீர் பாட்டில் ஒன்றின் வாயில் லேமினேட் செய்த பழைய அட்டையை வைத்து அழுத்திப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, குளிர்நீர் பாட்டில் மேல் வாயோடு வாய் பொருத்தி, அட்டையை மெதுவாக உருவுங்கள். சிவப்பு மேலே, நீலம் கீழே, நடுவில் கோடு போட்ட மாதிரி அப்படியே நிற்கும். அடுத்த ஜோடியில் குளிர்நீர் மேலே, சுடுநீர் கீழே. அட்டையை உருவிய உடனே கலந்து ஊதாவாகிவிடும். மார்கழி, தை மாதக் காலையில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே கதகதப்பான காற்று மூடி போட்டுக்கொண்டிருக்கும், முதல் ஜோடியின் நிலை. புகை மேலே போக வழியில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் இரண்டாவது ஜோடியாகிவிடும். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் நகரத்தின் மேலேயே உட்கார்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனதும் இப்படி ஒரு மூடிக்கு அடியில்தான். சுடுநீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், கீழே ஒரு டிரே வையுங்கள், கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

தூசுக்கு வெள்ளை அட்டையில் வாசலின் தடவி, சாலைப் பக்கம், வகுப்புக்குள், பின்பக்கம் என்று மழை படாமல் கட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் கட்டம் கட்டமாக எண்ணச் சொல்லலாம். காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது, மகரந்தம் எது, டயர்த் துகள் மாதிரி கறுப்பாக இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அட்டையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரிய தூசு. நுரையீரலின் அடி வரை போகிற பிஎம் 2.5 துகள் (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானதும்) தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும், இந்த அட்டையில் அதைப் பார்க்க முடியாது. அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி நிலையத்தின் எண்ணையும் ஆலந்தூர் நிலையத்தின் எண்ணையும் தினமும் ஒரு பிள்ளை போர்டில் எழுதட்டும். 24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு 15. இரண்டு எண்களையும் பக்கத்தில் எழுதி வைத்தால், ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

வடசென்னை_டீச்சர் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. இரும்புக் கம்பிநார்தான் முதலில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலேயே வைத்து. அந்தப் பெண்ணையே செய்யச் சொல்லப் போகிறேன். பாட்டில் பசுமை இல்லத்தை விட்டுவிட்டு கிராஃப் தாளுக்குப் போகிறேன். ஓசோன் தாளை வெயில் காலத்தில்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், சரிதானே? பொட்டாசியம் அயோடைடு எங்கள் மேல்நிலை ஆய்வகத்தில் இருக்கிறது, ஆனால் பாட்டில் திறந்து ரொம்ப நாளாகி உப்பு லேசாக மஞ்சளடித்துக் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

யாழ்_ஆய்வுகூடம் எழுதியது:

மஞ்சளடித்தது என்றால் ஏற்கெனவே கொஞ்சம் அயடீன் பிரிந்துவிட்டது, மாப்பொருளில் போட்ட உடனேயே நீலமாகிவிடும், தாள் பூசும்போதே கெட்டுப்போகும். ஒரு சிட்டிகையைக் கஞ்சியில் போட்டுப் பாருங்கள், வெள்ளையாகவே இருந்தால் பாவிக்கலாம், இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள். ஒரு வகுப்புக்கு 1 கிராம் போதும் என்பதால் சின்னப் பொதியே காணும். கபிலநிறப் போத்தலில், இறுக்கி மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். வெயில் காலம் நல்லது, காற்று அதிகம் வீசாத தெளிவான நாளாகப் பாருங்கள். கடற்காற்று நுழைந்துவிட்டால் எல்லாத் தாளும் ஒரே மாதிரித்தான் வரும்.